நெம்புகோலும் தேர்வடமும்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு வெண்கலத்தைப் பற்றி யாரும் தனியாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்குப் போனால் உற்சவமூர்த்தி. சுவாமிமலைக்குப் போனால் அந்த மூர்த்திகளை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறை. தேன்மெழுகோடு குங்கிலியத்தைச் சேர்த்துக் காய்ச்சி, தென்னையோலையை நறுக்கி மடித்துத் தாலப் பிரமாணம் பார்த்து, விரல் நகத்தின் வளைவு வரை மெழுகிலேயே உருவாக்கி, அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அது இருந்த இடத்தை உருக்கிய உலோகத்தால் நிரப்புகிற அந்தத் தொழிலைச் சிறு வயதிலிருந்தே வேடிக்கை பார்த்து வந்தவனுக்கு, உலோகப் பிரதிமை என்றால் அது சாந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போய்விடுகிறது. ஆனந்த தாண்டவம் ஆடும் நடராஜ மூர்த்தியைப் பாருங்கள். ஒற்றைக் காலில் முழு உடம்பின் பாரமும் இறங்கியிருக்கிறது, ஆனால் அந்தக் காலில் ஒரு நரம்புகூடப் புடைத்திருக்கவில்லை. தெய்வத்துக்குச் சிரமம் இல்லை என்பது நம் சிற்பிகளின் சித்தாந்தம்.

இப்படிப் பழகிய கண்களோடு சென்னைக்குப் போகிற ஒருவன், மெரீனா கடற்கரையின் வடகோடியில் இருக்கும் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் போய் நின்றால் முதலில் திகைக்கத்தான் செய்வான். அங்கே வெண்கலம் வியர்க்கிறது. எத்தனையோ தடவை காரியார்த்தமாகச் சென்னைக்குப் போய், பேருந்தின் ஜன்னல் வழியாக அந்தச் சிலையைப் பார்த்தும் பாராமலும் கடந்து போனவன் நான். இந்தப் பங்குனியில், மயிலை கபாலீச்சுரத்தில் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்த சமயத்தில், சிலையையும் பார்த்து மறுநாள் தேரையும் சேவித்துவிட்டு வரலாம் என்ற சங்கல்பத்தோடு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, பொழுது விடிகிற வேளையில் எழும்பூரில் இறங்கினேன்.

சிலையைக் காணுமுன் அதைச் செய்தவர் வாழ்ந்து உழைத்த மனையைக் காண்பது முறையல்லவா? அது எழும்பூருக்குச் சமீபத்திலேயே, ஈ.வெ.ரா. பெரியார் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850இல் ஆரம்பித்த கலைப்பள்ளிதான் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது. மரவேலையும் மண்பாண்டமும் உலோக வேலையும் கற்பிக்கும் தொழிற்கூடமாகவே நெடுங்காலம் இருந்து வந்த இந்த ஸ்தாபனத்துக்கு 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவராக வந்து சேர்ந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். 1899இல், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ரங்பூர்ப் பிரதேசத்தில் பிறந்து, அவனீந்திரநாத் தாகூரிடம் சித்திரம் பயின்று, மேனாட்டு முறைச் சிற்பத்தையும் கற்றுத் தேர்ந்தவர். கலைஞர் என்றால் மெலிந்த தேகமும் சோர்ந்த பார்வையும் உடையவராக இருப்பார் என்று நினைப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஆச்சரியம் தரும். மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்குப் போகிறவர், புல்லாங்குழல் வாசிப்பவர், வங்காளியில் கதை எழுதியவர். உடம்பின் பலம் எங்கே பிறக்கிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்பதை மல்யுத்தக் களத்தில் தம் சொந்தத் தசைகளிலேயே அறிந்திருந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவர் செய்த சிலைகள் நன்றாகப் புரியும். ஏறக்குறைய முப்பது வருஷ காலம் அவர் சென்னைவாசியாகவே இருந்தார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர், அவரிடமே பயின்ற கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கியவர் அவர்தான். 1954இல் தில்லியில் லலித் கலா அகாதெமி தொடங்கியபோது அதன் முதல் தலைவராக ராய் சௌத்ரியை அமர்த்தினார்கள். உழைப்பாளர் சிலை திறக்கப்பட்டது 1959ஆம் வருஷம் ஜனவரி 25ஆம் தேதி, குடியரசு தினத்துக்கு முந்தின நாள்.

நான்கு ஆட்கள், ஒரு பாறை. சிலையின் விஷயம் அவ்வளவுதான். இடையில் கட்டிய துணியைத் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாத நான்கு பேர், நெம்புகோலைக் கொடுத்தும் உடம்பைச் சாய்த்தும் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முயன்றுகொண்டிருக்கிறார்கள். அந்த நால்வரின் உடம்பும் ஒரே திசையில் சாய்ந்திருக்க, ஒவ்வொருவருடைய பலமும் வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. ஒருவனுக்குக் குதிகாலிலிருந்து, ஒருவனுக்கு இடுப்பிலிருந்து, ஒருவனுக்குத் தோளிலிருந்து. முதுகின் நடுவே தண்டெலும்பு ஓடுகிற பள்ளத்தையும், விலா எலும்புகளின் மேல் இழுபட்டுக் கிடக்கும் தோலையும், மணலில் வழுக்கிவிடாமல் விரல்களை ஊன்றிப் பிடித்திருக்கும் பாதங்களையும் பார்த்துக்கொண்டு நின்றால், நாமும் நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நால்வரும் வலுவுள்ளவர்கள், ஆனால் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வலுவன்று அது. வேலை செய்து செய்து உரமேறிய தேகங்கள்.

கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொரு விசேஷம் கண்ணில் படும். எங்கள் ஊர் ஸ்தபதிகள் வார்த்த பிறகு அரத்தாலும் உளியாலும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, கை பட்ட தடயமே தெரியாமல் செய்துவிடுவார்கள். இங்கேயோ சிற்பி களிமண்ணை அப்பிய வேகம் அப்படியே உலோகத்தில் நிற்கிறது. மேடும் பள்ளமுமாக, கரடுமுரடாக, திட்டுத் திட்டாக. ஐரோப்பாவில் ரோதென் என்ற சிற்பி காட்டிய வழி இது என்று அறிந்தவர்கள் சொல்லுவார்கள். அந்த மேடுபள்ளங்களில் கடற்பக்கத்து இளவெயில் விழும்போது ஒளி ஓரிடத்திலும் நிலைத்து நிற்காமல் நழுவி நழுவிப் போவதால், அசையாத உடம்புகள் அசைவது போலத் தோற்றுகின்றன. வார்ப்பிலும் வித்தியாசம் உண்டு. சுவாமிமலை விக்கிரகம் உள்ளும் புறமும் உலோகமான கன வார்ப்பு. இத்தனை பெரிய சிலைகளையோ உள்ளே வெற்றிடம் விட்டுத்தான் வார்ப்பார்கள்.

கலைக் கல்லூரியில் காவல் வேலை பார்த்த ஒருவரும், மாணவர் ஒருவரும் இந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றவர்கள் என்று சொல்லுகிறார்கள். சிலையின் பீடத்தில் அவர்கள் பெயர் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. நால்வரில் எவரையும் இன்னார் என்று அடையாளம் சொல்ல முடியாதிருப்பதே அந்தச் சிருஷ்டியின் கம்பீரம். பாறை அசைந்ததா, இல்லையா என்பதையும் சிற்பி நமக்குச் சொல்லவில்லை. அசையப் போகிற அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால், பலமெல்லாம் ஒன்றுதிரண்டு, விளைவு இன்னும் தெரியாதிருக்கிற நிலையில் அவர்களை நிறுத்திவிட்டார். தில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் தோட்டத்திலும் இதே உருவங்களைக் காணலாம்; ஆனால் ஒரு மாளிகைத் தோட்டத்துப் புல்தரையில் நிற்பதற்கும், வங்கக் கடலின் உப்புக் காற்றில், வேர்க்கடலை விற்கிறவனும் வலை இழுக்கிறவனும் கடந்து போகிற வழியில் நிற்பதற்கும் எத்தனை வேற்றுமை!

பொது வீதியில் சிலை நிறுத்தும் வழக்கம் சென்னைக்குத் துரைமார்களோடு வந்தது. தீவுத்திடல் பக்கத்தில் குதிரைமேல் வீற்றிருக்கும் ஸர் தாமஸ் மன்றோ, சான்ட்ரீ என்ற ஆங்கிலச் சிற்பியால் செய்யப்பெற்று 1839இல் இங்கே வந்தவர். அங்கவடி இல்லாமல் அவர் எப்படிக் குதிரை ஏறினார் என்று சென்னை ஜனங்கள் இன்றைக்கும் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வார்கள். மன்றோவிடம் ஜனங்களுக்குப் பிரியம் உண்டு. ஆனால் 1857இல் வடக்கே கொடுமை பல புரிந்த நீல் துரைக்கு மவுண்ட் ரோடில் வைத்திருந்த சிலையை அவர்கள் சகிக்கவில்லை. 1927இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் செய்து பல பேர் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி மந்திரிசபை ஏற்பட்ட பிறகுதான் நீல் துரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆக, சிலை என்பது ஆளுகிறவனுடைய முத்திரை என்று கண்ட ஒரு பட்டணத்தில், சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் முடிவதற்குள், கடற்கரையின் முகப்பான இடத்தைப் பெயரில்லாத நான்கு கூலிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்பது லேசான காரியமன்று.

அந்த இடத்துக்கும் ஒரு பூர்வோத்தரம் இருக்கிறது. 1923ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பெற்றது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டமும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டமுமாக அதை நடத்தியவர் சிங்காரவேலர். சிலையிலிருந்து தெற்கே சற்றுத் தூரத்திலுள்ள அயோத்தியாகுப்பத்தில், மீனவக் குடும்பத்தில் 1860இல் பிறந்து, வக்கீலாகிப் புகழும் பொருளும் ஈட்டி, பிறகு அதையெல்லாம் தொழிலாளர் பக்கமாகத் திருப்பிவிட்டவர். இன்றும் மே முதல் தேதியன்று சங்கத்துக்காரர்கள் கொடியும் மாலையுமாக இந்தச் சிலைக்கு வருகிறார்கள். மற்ற நாட்களில் சிலைக்கு முன்னால் நிற்பவர்கள் சொற்பம். வடபுறத்தில் அறிஞர் அண்ணாவும், எம்.ஜி.ஆரும், கலைஞரும், ஜெயலலிதா அம்மையாரும் அடங்கியிருக்கும் நினைவிடங்களுக்குத்தான் வெளியூர் வண்டிகளில் வந்திறங்குகிறவர்கள் குடும்பத்தோடு போகிறார்கள். எம்.ஜி.ஆர். சமாதியின்மேல் காதை வைத்துக் கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிற குழந்தைகளை அழைத்துக்கொண்டு திரும்புகிற பெரியவர்கள், உழைப்பாளர் சிலையைத் தாண்டுகிறபோது நடையைக்கூட நிதானப்படுத்துவதில்லை. தங்களைப் போலவே இருக்கிற மனிதர்களை நின்று பார்ப்பானேன் என்று எண்ணுகிறார்கள் போலும்.

அங்கிருந்து காமராஜர் சாலையின் ஓரமாகத் தெற்கு நோக்கி நடக்க ஆரம்பித்தேன். 1880களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அமைத்த உலாச்சாலை இது. மெரீனா என்ற பெயரும் அவர் இட்டதே. இவ்வளவு அகலமான மணற்பரப்பு ஆதியிலிருந்தே இங்கே இருந்ததன்று. வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியதும், தென்திசையிலிருந்து நீரோட்டத்தோடு வருகிற மணல் அதில் தடைப்பட்டு இங்கே தங்கியது. சுவருக்கு அப்பால் ராயபுரத்துப் பக்கத்திலோ கடல் கரையை அரித்துத் தின்றது. துறைமுகம் ஏற்படுமுன் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டியிருந்தது. அந்தப் படகுக்காரர்களின் சந்ததியார்தாம் கடற்கரைக் குப்பங்களில் இன்றும் வசிக்கிறவர்கள்.

வலது கைப்பக்கம் சிஷோம் கட்டிய செனட் மண்டபமும், சேப்பாக்கம் அரண்மனையும், மாநிலக் கல்லூரியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இடது பக்கத்தில் சிலைகளின் வரிசை. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, வள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், போப், கால்டுவெல், வ.உ.சி., பாரதியார், பாரதிதாசன், கண்ணகி என்று பத்துப் பேருக்கு இங்கே சிலை எடுத்தார்கள். இவற்றுள் கண்ணகி 2001 டிசம்பரில் இடம் பெயர்க்கப்பட்டு 2006 ஜூனில் திரும்பி வந்தாள். மதுரையை விட்டுப் புறப்பட்டவளுக்குச் சென்னையிலும் நிலையில்லாமற்போன கதை அது. இந்தச் சாலையில் ஓடுகிற பேருந்துகளில் ஏறினால் நடத்துநர் வாயிலிருந்து, "கண்ணகி செலை எறங்கு, விவேகானந்தர் இல்லம் முன்னாடி வா" என்று சரித்திரமும் இலக்கியமும் சில்லறைக் காசோடு கலந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த விவேகானந்தர் இல்லம் 1842இல் ஐஸ் வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே துரைமார்களுக்கு விற்றான் டூடர் என்ற வர்த்தகன். மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அந்தக் கட்டடத்தில் தங்கினார். உருகிப்போகிற சரக்குக்காக எழுந்த வீடு ஒரு மகானுடைய பெயரால் நிலைத்துவிட்டது.

ராதாகிருஷ்ணன் சாலை வந்து கடற்கரையைத் தொடுகிற இடத்தில் காந்தி சிலை. இதுவும் ராய் சௌத்ரியின் கைவேலை. இதுவும் 1959இல், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நேருஜி வந்து திறந்து வைத்தது. கோலை ஊன்றி நடக்கிற காந்தி. உழைப்பாளர் சிலையைப் பார்த்த கண்ணோடு வந்தால் இங்கேயும் நாம் முதலில் பார்ப்பது மகாத்மாவின் முகத்தை அன்று, கால்களைத்தான். நடந்து நடந்து உரமேறிய ஒரு கிழவரின் கால்கள். தண்டி யாத்திரையைக் காட்டும் ராய் சௌத்ரியின் சிலைக்கூட்டம் தில்லியில் இருக்கிறது. காந்தி முன்னே நடக்கப் பத்துப் பேர் பின்தொடரும் அந்த உருவங்களைப் பார்க்க தில்லிக்குப் போக வேண்டியதில்லை, 2016 வரை நம் சட்டைப் பையில் இருந்த பழைய 500 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்தார்கள். பாட்னாவில், 1942 ஆகஸ்டில் கொடியேற்றப் போய்க் குண்டடிபட்டு மாண்ட ஏழு மாணவர்களுக்கு அவர் செய்த சிலையும் இதே ஜாதிதான். தனி மனிதர் ஒருவரைப் பீடத்தின்மேல் ஏற்றி நிறுத்துவதைக் காட்டிலும், பலர் சேர்ந்து ஒரு காரியத்தை நோக்கிச் சாய்வதையே அவர் பெரிதும் விரும்பினார் என்று தோன்றுகிறது. இந்தக் காந்தி சிலைக்கு எதிரே, சாலை நடுவில் சில வருஷ காலம் சிவாஜி கணேசனின் சிலை இருந்தது; வாகனங்களுக்கு மறைக்கிறது என்று வழக்கு ஏற்பட்டு 2017இல் அடையாற்றிலுள்ள அவருடைய மணிமண்டபத்துக்குப் போய்விட்டது. சென்னையில் சிலைகளும் வீடு மாற்றுகின்றன.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் சாந்தோம். அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறைமேல் எழுந்ததாகப் போற்றப்படும் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரம், போர்ச்சுகீசியர் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் 1890களில் புதிதாகக் கட்டியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரையைப் பற்றி எழுதினார்; அவருக்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தாலமி என்ற யவன பூகோள சாஸ்திரி குறித்துவைத்த துறைமுகங்களுள் ஒன்று மயிலையே என்று அறிஞர் கருதுவர். கபாலீசுவரர் ஆலயம் ஆதியில் கடலோரத்தில் இருந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து, பிறகு இப்போதுள்ள இடத்தில் எழுந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. சாந்தோம் வட்டாரத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் அதற்குச் சாட்சியாகக் காட்டப்படுகின்றன. ஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை மாதந்தோறும் அடுக்கிச் சொல்லுகிறபோது மாசி மாதத்துக் கடலாட்டையும் சேர்த்துப் பாடுகிறார். அந்தப் பதிகத்தில் வருகிற பங்குனி உத்திர விழாவைத்தான் நான் பார்க்க வந்திருந்தேன்.

கச்சேரி ரோடு வழியாக மாட வீதியை அடைந்தபோது சாயங்காலமாகிவிட்டது. தெப்பக்குளத்தின் படிகளில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோயிலுக்கு நவாபு கொடுத்த நிலம் என்று சொல்லப்படும் இந்தக் குளத்துக்கு முகரம் சமயத்தில் முஸ்லிம்களும் வருவது நெடுநாளைய வழக்கம். தேர் கிழக்கே அலங்காரம் முடிந்து தயாராக நின்றது. அதன் சக்கரத்தருகே தரையில் குந்தி, முக்கோணமாய் இழைத்த கட்டைகளை எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். முட்டுக்கட்டை போடுகிறவர். எங்கள் பக்கத்தில் திருவாரூர் ஆழித்தேரைக் கிளப்பச் சன்னை போடுவார்கள். நெட்டையான மரத்தைப் பின்சக்கரத்தின் அடியில் கொடுத்து, அதன் மறுமுனையில் ஆட்கள் தொங்கி அழுத்த, தேர் ஓர் அங்குலம் முன்னே நகரும். இப்போது அங்கே இரும்புச் சக்கரமும், பெல் நிறுவனத்தார் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும், பின்னாலிருந்து தள்ள இயந்திரமும் வந்துவிட்டன. இதையெல்லாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே, வடம் பிடிக்க ரொம்ப ஜனம் வருமோ?"

"ஜனத்துக்கு என்னா சார் கொறச்சல், ஆயிரக்கணக்குல வரும். அவங்க இழுத்துப்புடுவாங்க. வளைவுல திரும்பணும், நிக்கணும்ங்கற எடத்துல நிக்கணும். அதுக்கு நாங்க நாலஞ்சு பேருதான். நாங்க சாமியப் பாக்க மாட்டோம் சார், சக்கரத்தத்தான் பாப்போம்."

மறுநாள் காலையில் அவர் சொன்னது கண்முன்னே நடந்தது. கற்பகாம்பாளும் கபாலீசுவரரும் எழுந்தருளியிருக்க, வடங்களைப் பிடித்த கைகள் ஒரே சமயத்தில் இறுக, "கபாலி, கபாலி" என்ற கோஷத்தில் தேர் ஒரு தடவை முனகிவிட்டு நகர்ந்தது. நான் மேலே பார்க்கவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து, உருண்டு வருகிற மரச்சுவர் போன்ற அந்தச் சக்கரத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கட்டையைச் சரித்துக் கொடுத்துச் சட்டென்று கையை இழுத்துக்கொள்கிற அந்த மனிதரின் முதுகையும், ஊன்றிய பாதத்தையும், புடைத்த கழுத்தையும் பார்த்தேன். முதல் நாள் கடற்கரையில் வெண்கலத்தில் கண்ட முதுகு அது, அந்தப் பாதம்தான். ராய் சௌத்ரி மயிலைத் தேரைப் பார்த்துவிட்டுத்தான் சிலை செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது வருஷம் இந்த ஊரில் வாழ்ந்த கலைஞர் இப்படிப்பட்ட முதுகுகளைப் பாராமலா இருந்திருப்பார்?

தேருக்கு அடுத்த நாள் அறுபத்துமூவர் விழா. அன்று வெளியே வருகிற வெண்கலத் திருமேனிகளை ஒரு தொழிலாளர் ஊர்வலம் என்றே சொல்லலாம். திருநீலகண்டர் குயவர், திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார், அதிபத்தர் மீன் பிடித்தவர், கலியர் எண்ணெய் ஆட்டியவர், நேசர் நெசவாளர், கண்ணப்பர் வேடர். உழைக்கிறவர்களை வெண்கலத்தில் வார்த்து வணங்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுமா? ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நாயன்மார்கள் பெரும்பாலும் கைகூப்பி நிற்கிறார்கள். பக்தியினால் அவர்களுடைய சிரமம் கரைந்துபோய்விட்டது. பாரம் சுமக்கும் சிரமத்தை நம் சிற்பிகள் காட்டிய இடம் வேறு: கொடுங்கைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து கோயிலைத் தாங்கும் பூதகணங்கள். அவையும் சிரித்துக்கொண்டே சுமக்கின்றன. சுமக்கிற மனிதனை, சுமக்கிற நிலையிலேயே, சிரிப்போ கூப்பிய கையோ இல்லாமல் பீடத்தில் ஏற்றுவதற்குத்தான் வங்காளத்திலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஊர் திரும்புமுன் அடையாற்றுக்கும் போனேன். மயிலையிலிருந்து தெற்கே போகிற பேருந்து ஆற்றைக் கடக்கும் பாலத்துக்குத் திரு.வி.க. பெயர், கடந்தவுடன் இடப்புறத்தில் பிரம்மஞான சபையின் வாசல். 1882இலிருந்து சபையின் தலைமை ஸ்தானமாக இருக்கும் அந்தத் தோட்டத்திலுள்ள ஆலமரத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். 1989இல் வீசிய புயலில் தாய்மரம் சாய்ந்துவிட, விழுதுகளே மரமாக நின்று நிழல் தருகின்றன. எனக்கு அங்கே வேறொரு ஞாபகம் வந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துச் சென்னைத் தொழிற்சங்கம் ஏற்பட்டபோது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று மதிக்கப்பெறும் அந்தச் சங்கத்துக்குத் தலைவரான பி.பி. வாடியா இந்தச் சபையைச் சேர்ந்தவர். அவருக்குத் தோள் கொடுத்தவர் திரு.வி.க. ஆன்ம விசாரத்துக்கு என்று அமைந்த ஆசிரமம் போன்ற ஓரிடத்திலிருந்து ஒருவர் ஆலை வாசலுக்குப் போனார் என்றால், கோயில், சபை, கடற்கரை, ஆலை என்று நாம் தனித்தனியாகப் பாத்தி கட்டி வைத்திருப்பதெல்லாம் இந்த நகரத்தில் வெகு காலமாகவே ஒன்றோடொன்று கலந்துதான் இருந்திருக்கின்றன.

சென்னைக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குனியில் போங்கள், போனால் முதலில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் அரைமணி நேரமாவது நின்றுவிட்டு, பிறகு மயிலைக்குப் போங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள். மாட வீதியை முதலில் பார்க்கிறவனுடைய கண், விமானத்தையும் அலங்காரத்தையும் சுவாமியையும் விட்டுக் கீழே இறங்காது. இறங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் தோன்றாது. கடற்கரை வழியாக வருகிறவனுக்குத் தேரும் தெரியும், தேரைத் தெருவிலே சரியாகக் கொண்டுபோகிற நாலைந்து பேரும் தெரிவார்கள்.